கோடைத் திருவிழாவும் ஊருக்குப் புதியவரும்

சித்திரை பிறந்துவிட்டால் புதுக்கோட்டைச் சீமையில் இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று, கண்மாய்கள் வற்றத் தொடங்குகின்றன. மற்றொன்று, ஊர்தோறும் கொட்டுமுழக்கு கேட்கத் தொடங்குகிறது. மாசியில் திருவப்பூரிலும் பங்குனியில் நார்த்தாமலையிலும் கொன்னையூரிலும் முத்துமாரியம்மனுக்கு நடைபெறும் பெருவிழாக்கள் முடிந்து, சிற்றூர்களின் முறை வருகிறது. நெல் வீடு சேர்ந்துவிட்டது. அடுத்த உழவுக்கு ஆடி வரையில் பொறுத்திருக்க வேண்டும். இடைப்பட்ட இம்மாதங்களே உழவர் பெருமக்கள் ஒன்றுகூடி மகிழ்வதற்கு உரிய காலமாகும்.

இதே மாதங்களில்தான் நம்மில் பலருக்கு மாறுதல் உத்தரவும் வருகிறது. பள்ளி ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், உதவி வேளாண்மை அலுவலர், ஊராட்சிச் செயலாளர் ஆகிய பலரும் புதிய ஊரில் பெட்டியை இறக்கிவைக்கும் நாளிலேயே ஒலிபெருக்கி முழங்குவதையும், தெருவெங்கும் மாவிலைத் தோரணம் ஆடுவதையும் காண்கிறார்கள். சிலர், 'இந்தச் சந்தடி அடங்கட்டும், பிறகு வேலையைத் தொடங்குவோம்' என்று அறைக்குள் அமர்ந்துவிடுகிறார்கள். வேறு சிலர், 'இவ்வளவு கூட்டம் வேறு எப்பொழுது கிடைக்கும்? நம் திட்டங்களை இங்கேயே எடுத்துச் சொல்லிவிடுவோம்' என்று ஒலிபெருக்கியை நாடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே நான் பட்டறிந்து கற்ற பாடம். விழாவை முதலில் விழாவாகவே கொண்டாடத் தெரிந்தவரே பின்னர் அவ்வூரில் பணி செய்யத் தகுதி பெறுகிறார். இதனை என் அனுபவத்தைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

நான் செய்த பிழை

நான் இம்மாவட்டத்திற்குப் புதிதாக வந்த ஆண்டில், ஓர் ஊரின் மாரியம்மன் விழாவுக்கு அழைப்பு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஐவர் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து முறைப்படி அழைத்தார்கள். மாலை 6 மணிக்கு ஜீப்பில் சென்று இறங்கினேன். மேடையில் நாற்காலி போட்டார்கள். தோளில் துண்டு அணிவித்தார்கள். 'இரண்டு வார்த்தை பேசுங்கள்' என்றார்கள். நான் 40 நிமிடம் பேசினேன். கழிப்பறை, குடிநீர் வரி, சேமிப்பு, மரம் வளர்ப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மக்கள் மிகுந்த பொறுமையோடு கேட்டார்கள், கைதட்டவும் செய்தார்கள். எனக்குப் பெரும் நிறைவு.

மறுநாள்தான் உண்மை தெரிந்தது. அன்று இரவு 7 மணிக்கு முளைப்பாரி புறப்பட வேண்டும். எட்டு நாள் விரதமிருந்து பயிர் வளர்த்த பெண்கள், தலையில் சும்மாடு கூட்டி, என் பேச்சு முடிவதற்காகத் தெருமுனையில் காத்து நின்றிருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் இதனைச் சொல்லவில்லை. விருந்தினரை இடைமறிப்பது அவ்வூரின் வழக்கமன்று. அந்த 40 நிமிடத்தில் நான் சொன்ன கருத்துகளில் ஒன்றேனும் அவ்வூரில் வேர் ஊன்றியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'முளைப்பாரியை நிறுத்தி வைத்த அதிகாரி' என்ற பெயர் மட்டும் ஓராண்டு வரையில் நிலைத்திருந்தது.

விழாவின் உள்ளமைப்பு

அதன் பின்னரே விழா என்பது எவ்வாறு நடக்கிறது என்று கவனிக்கத் தலைப்பட்டேன். வெளிப்பார்வைக்குக் கூட்டமும் கூச்சலுமாகத் தோன்றும் ஒரு விழாவுக்குள், எந்த அலுவலகமும் பொறாமை கொள்ளத்தக்க ஒழுங்கு இருக்கிறது.

முதலில் ஊர்க்கூட்டம். அதில் நாள் குறிக்கப்படுகிறது. தலைக்கட்டு வரி முடிவு செய்யப்படுகிறது. மணமான ஒவ்வோர் ஆண்மகனையும் ஒரு குடும்பமாகக் கணக்கிட்டு, இன்ன தொகை என்று பெரும்பாலான ஊர்களில் விதிக்கிறார்கள். வெளியூரில் பிழைக்கச் சென்றவரும் இவ்வரியை அனுப்பிவிடுகிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு, இவ்வரியே தம் ஊரில் தமக்கு ஓர் இடம் உண்டு என்பதற்கு அடையாளம். வரவு செலவு, விழா முடிந்தபின் பொதுவில் வாசிக்கப்படுகிறது.

அடுத்தது காப்புக் கட்டு. காப்புக் கட்டிய பின் ஊரார் வெளியூரில் இரவு தங்குவதில்லை என்பது பல ஊர்களில் வழக்கம். இதனை அறியாமல் அந்த வாரத்தில் மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி முகாம் வைத்துவிட்டு, 'இவ்வூரார் ஒத்துழைப்பதில்லை' என்று அறிக்கை எழுதியவர்களை நான் அறிவேன்.

முளைப்பாரியோ பெண்களின் தனிப் பொறுப்பு. ஓடு அல்லது சிறு சட்டியில் எருவும் வைக்கோலும் மண்ணும் இட்டு, நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்க்கிறார்கள். இரவில் கும்மியடித்துப் பாடுகிறார்கள். எந்த வீட்டு விதை நன்றாக முளைத்தது, எந்த வீட்டு விதை சோடை போயிற்று என்று அவர்களுக்குள் பேச்சு எழுகிறது. விதைப்புக்கு முன் முளைப்புத் திறனைச் சோதித்துப் பாருங்கள் என்று நாம் வேளாண்மைக் கூட்டங்களில் சொல்லிவருவதை, பெயர் சொல்லாமல் ஆண்டுதோறும் செய்துவருபவர்கள் இப்பெண்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் நடைபெறும் மது எடுப்பு விழாவிலும் இதே கருத்து அமைந்திருக்கிறது. குடத்தில் நெல்லை நிரப்பி, அதன்மேல் தென்னம்பாளையைச் செருகி, பூச்சுற்றி, குலவையிட்டுக்கொண்டு பெண்கள் ஊர்வலமாகச் செல்லும் காட்சி கண்கொள்ளாதது.

அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில், ஊரார் பிடிமண் கொடுத்த பின்பே வேளார் மரபினர் மண்குதிரை வனையத் தொடங்குகிறார்கள். இவ்வாறு குயவர், மேளக்காரர், பந்தல்காரர், பூக்காரர் எனப் பலருக்கும் விழா வேலை கொடுக்கிறது. ஊரின் தொழில்கள் எவை, யார் எதில் வல்லவர் என்பது இந்தப் பத்து நாளில் கண்முன்னே விரிகிறது.

கண்மாய் அழியும் நாள்

இவையனைத்தையும்விட, புதியவர் எவரும் தயக்கமின்றி உள்ளே இறங்கக்கூடிய விழா ஒன்று நம் மாவட்டத்தில் உண்டு. அதுவே மீன்பிடித் திருவிழா. மக்கள் வழக்கில், 'கண்மாய் அழிகிறது' என்பார்கள். அழிவென்றால் கண்மாய்க்கு அழிவன்று. மீதமிருக்கும் மீனை ஊரார் கூடிப் பிடித்துத் தீர்ப்பதையே அவ்வாறு சொல்கிறார்கள்.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத நம் மாவட்டத்தின் உயிர்நிலை கண்மாய்களே. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பழைய சமஸ்தானப் பகுதியையும் பிற பகுதிகளையும் சேர்த்து 1974 ஜனவரி 14-இல் உருவான இம்மாவட்டத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்து இவை நிரம்புகின்றன. தை, மாசியில் அறுவடை முடிகிறது. சித்திரை, வைகாசியில் தரை தெரியத் தொடங்குகிறது. அப்பொழுது ஊரார் கூடி ஒரு நாளைக் குறிக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் செய்தி பரவுகிறது. முன்பு தண்டோராவால் பரவியது. இக்காலத்தில் கைபேசியால் பரவுகிறது. சிவகங்கை, திருச்சிராப்பள்ளி, மதுரை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் விடியுமுன் வந்து கரையில் அமர்ந்துவிடுகிறார்கள்.

பேச்சால் பெயர் கெட்ட அடுத்த ஆண்டு, வேறோர் ஊரில் கண்மாய் அழியும் செய்தி கேட்டு, ஜீப்பை விட்டுவிட்டு, இரு சக்கர வண்டியில் சென்றேன். கரை முழுவதும் தலைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி. மூங்கில் சிம்புகளால் கூம்பு போலக் கட்டி, மேலும் கீழும் திறந்திருக்கும் ஊத்தா, கச்சா, தூரி, வலை. சிறுவர்கள் பழைய கொசுவலையையும் தாயின் சேலையையும் கொண்டுவந்திருந்தனர். ஊர்ப் பெரியவர்கள் கரையிலிருந்த தெய்வத்தை வணங்கினார்கள். பின் அவர்களுள் மூத்தவர் ஒருவர் மேட்டில் ஏறி நின்று, வெள்ளைத் துண்டை உயர்த்தி வீசினார்.

அவ்வளவுதான்! ஆயிரக்கணக்கானோர் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கினர். தண்ணீர் நொடிப்பொழுதில் சேறாயிற்று. ஊத்தாவைக் குத்தி, அதனுள் மீன் மோதும் அதிர்வைக் கையால் உணர்ந்து, மேல்வாய் வழியே கையை விட்டு எடுக்கிறார்கள். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் என்று விதம் விதமாகத் துள்ளுகின்றன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரத்திலேயே நின்றிருந்தேன். அருகில் வந்த ஒரு மூதாட்டி, "என்னங்கய்யா, கரையிலேயே நின்னா மீனு தானா வந்து ஏறுமா? இறங்குங்க" என்று சொல்லித் தம்முடைய ஊத்தாவை என் கையில் கொடுத்தார்.

இறங்கினேன். நான்காவது அடியில் முழங்கால் வரை சேற்றில் புதைந்து, குப்புற விழுந்தேன். சுற்றிலும் ஒரே சிரிப்பு. அம்மூதாட்டி என் கையைப் பிடித்துத் தூக்கி, "பாத்து வாங்க தம்பி, இங்கன பள்ளம்" என்றார். கரையில் நின்றபோது 'ஐயா'வாக இருந்த நான், சேற்றில் விழுந்த பின் 'தம்பி'யாகிவிட்டேன். பதினெட்டு ஆண்டுப் பணியில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகளுள் இதனையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

இரண்டு மணி நேரத்தில் என் உழைப்புக்குக் கிடைத்தது ஒரு சிறு கெண்டை. கரையேறியபோது அம்மூதாட்டி தம் கூடையிலிருந்து இரண்டு விராலை எடுத்து என் துண்டில் முடிந்தார். வேண்டாமென்றேன். "கண்மாயில இறங்கினவுக வெறுங்கையோட வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். இவ்விழாவில் பிடித்த மீனை விற்பதில்லை என்பதே பழைய வழக்கம். வீட்டில் குழம்பு வைத்து, உற்றார் உறவினருக்கும் கொடுத்து உண்பார்கள். அன்று அந்த ஊரில் மீன்குழம்பு மணக்காத வீடு இல்லை. இவ்வாறு பகிர்ந்துண்டால் அடுத்த பருவத்தில் மழை பொய்க்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

சேறு கற்பித்த பாடம்

என் மேசையிலிருந்த பதிவேட்டில் அக்கண்மாயின் நீர்ப்பரப்பு, கொள்ளளவு, ஆயக்கட்டு யாவும் எழுதப்பட்டிருந்தன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையதாதலால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது. ஆனால் பதிவேடு சொல்லாத மூன்று செய்திகளை அன்று என் கால்கள் எனக்குச் சொல்லின.

முதலாவது, மடையின் அருகே வண்டல் தொடையளவு படிந்திருந்தது. நீர் இருப்பதாகத் தோன்றியும் மடை வழியே ஏன் பாயவில்லை என்ற புகாருக்கு விடை அதிலேயே இருந்தது. இரண்டாவது, மடைக்கல் ஒன்று அடியில் பெயர்ந்திருந்தது. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் அது எவர் கண்ணுக்கும் தெரியாது. மூன்றாவது, வரத்துவாய்க்கால் கண்மாயில் வந்து சேரும் வாயிலில் சீமைக்கருவேல் அடர்ந்து வழியை மறித்திருந்தது.

சேற்றைக் கழுவிக்கொண்டு கலிங்கின்மேல் அமர்ந்தபோது, முதியவர் ஒருவர், தம் இளமையில் ஆனி மாதம் வரை நீர் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். எந்த மடையை எப்பொழுது திறப்பார்கள், நீர்ப்பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்றெல்லாம் விவரித்தார். அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டிருந்தால் அவர் இரண்டு சொற்களுக்கு மேல் பேசியிருக்கமாட்டார். அவ்வாண்டே விவசாயிகள் உரிய அனுமதி பெற்று அக்கண்மாயின் வண்டலை எடுத்துத் தம் வயல்களில் இட்டனர். மடைக்கல்லும் சீராயிற்று. இவற்றுக்காக நான் ஒரு கூட்டமும் கூட்டவில்லை.

மீன் வகைகளும் ஒரு பாடமே. விரால் காற்றை நேராகச் சுவாசிக்கும் ஆற்றலுடையது. ஆகையால் சேற்றிலும் உயிர்தாங்கி நிற்கும். கூடைகளில் மிகுந்து காணப்பட்ட ஜிலேபிக் கெண்டையோ 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்மீன். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டமும் இந்நாட்டில் தொடங்கப்பெற்றது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். புதிதாக வருபவர் ஊரோடு ஒத்து வாழ்வதும் உண்டு. இருப்பவற்றை நெருக்கித் தள்ளுவதும் உண்டு. ஜிலேபி நம் குளங்களில் இரண்டாவதைச் செய்தது. திட்டப் பணியாளராகிய நாம் எதனைச் செய்கிறோம் என்பது சிந்திக்கத் தக்கது.

மீனுக்கும் கண்மாய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பாசிப்பாட்டம் என்ற பெயரில் ஏரி மீனின் வருவாய் பழங்கல்வெட்டுகளில் பேசப்படுகிறது. அவ்வருவாயை ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஒதுக்கிய செய்திகளும் உண்டு. இப்பொழுது மீன்பாசிக் குத்தகை என்ற பெயரில் ஏலம் நடைபெறுகிறது. குத்தகைக் காலமும் ஊராரின் விழா நாளும் மோதாதவாறு முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நம் கடமைகளுள் ஒன்று.

கரையேறிய பின் எழுந்த கேள்வி

இதுவரையில் சொன்னதைக் கொண்டு, கிராமத்து விழாவில் எல்லாம் இன்பமயம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அன்று மாலை நான் புறப்படும் நேரத்தில், ஊருக்குக் கிழக்கேயுள்ள தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் வண்டியருகே வந்தார். காலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் பிடித்தவர் அவர். "ஐயா, தண்ணிக்குள்ள நிக்கிறப்ப நாங்களும் அவுகளும் ஒண்ணாத்தான் நிக்கிறோம். கரையேறினா மட்டும் எங்ககிட்ட கோயில் வரி வாங்க மாட்டேங்கிறாக. அது ஏங்கய்யா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் எழவில்லை. வரி கேட்கிறார்கள் என்று முறையிடுவோரைப் பார்த்திருக்கிறேன். வரி வாங்க மறுக்கிறார்கள் என்ற முறையீடு எனக்குப் புதிது. விசாரித்தபோது விளங்கிற்று. வரி கொடுத்தவர் ஊரின் பங்காளி. பங்காளிக்கு மண்டகப்படியும் மரியாதையும் உண்டு. ஆகவே அவர்களிடம் வரி வாங்காமலிருப்பது சலுகையன்று, விலக்கு.

தீண்டாமையை நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. கோயில்களின் கதவை அனைவருக்கும் திறந்துவிடும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லேயே இயற்றப்பட்டது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்தன. ஆயினும் 2022 டிசம்பரில் இம்மாவட்டத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் வகுப்பு மக்களை மாவட்ட ஆட்சியரே நேரில் அழைத்துச் சென்று வழிபடச் செய்ய வேண்டியிருந்தது. இதனை மறந்துவிட்டு, விழாவின் அழகை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

நான் அவ்வூர்ப் பெரியவர்களைச் சந்தித்தேன். சட்டம் இன்னது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். பின்பு, "காலையில் கண்மாயில் எல்லோரும் சேர்ந்து இறங்கியபோது தெய்வக்குற்றம் எதுவும் நேரவில்லையே, இப்பொழுது மட்டும் என்ன நேரும்?" என்று கேட்டேன். சிலர் தலை குனிந்தனர், சிலர் சினந்தனர். ஆனால், "சேற்றில் விழுந்த மனிதர் கேட்கிறார்" என்பதனால் எவரும் எழுந்து போகவில்லை. வட்டாட்சியர் முன்னிலையிலும் இருமுறை பேச்சு நடந்தது. அடுத்த ஆண்டு வரிப் பட்டியலில் அத்தெருவின் 31 குடும்பங்களும் எழுதப்பட்டன. மண்டகப்படி இன்னும் கிடைக்கவில்லை. பாதி வழி வந்திருக்கிறோம். மீதி வழியையும் கடந்தே தீர வேண்டும்.

மேடையில் 40 நிமிடம் பேசியவனாகவே நான் இருந்திருந்தால், அப்பெரியவர் என்னிடம் அக்கேள்வியைக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

பிற நாட்டாரும் இவ்வாறே

புதியவரின் இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டின் சிற்றூர்களிலும் கோடையே விழாக்காலம். ஜூலை 14 அவர்களின் தேசியத் திருநாள். ஆகஸ்டு 15 மாதாவின் விண்ணேற்பு நாள். இவற்றோடு, ஊர்க் கோயிலுக்குரிய புனிதரின் நாளை ஒட்டி ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு விழா நடத்துகிறது. ஊரார் தாமே அமைத்துக்கொண்ட விழாக் குழு அதனை முன்னின்று நடத்துகிறது. ஊர்ச் சதுக்கத்தில் நீண்ட மேசைகளை வரிசையாகப் போட்டு, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். பின்னிரவு வரையில் ஆடிப் பாடுகிறார்கள். நகரத்திலிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் குடியேறியவர் மேசையின் ஓரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்தால், ஆண்டுகள் கழிந்தும் அயலாரே. மேசை தூக்கவும் தட்டுக் கழுவவும் கைகொடுப்பவர் விரைவில் அவ்வூராராகிறார். அங்கே மேசை, இங்கே ஊத்தா. கருவி வேறு, வழி ஒன்றே.

அந்நாட்டினர் ஒருவர் நம் மாவட்டத்துக்கே புதியவராக வந்த வரலாறும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவூரில் கிறித்தவத் திருச்சபைப் பணியை நிறுவிய பூஷே அடிகள் பிரெஞ்சுக்காரர். பின்னர் வீரமாமுனிவரும் அவ்வூரில் பணியாற்றினார். ஈஸ்டர் காலத்தில் பாஸ்கா நாடகமும் தேர்ப்பவனியுமாக ஆவூர் இன்றும் விழாக்கோலம் கொள்கிறது. பூஷே அடிகள் 1714-இல் புதுச்சேரியிலிருந்து தம் நாட்டார் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இந்நாட்டுச் சிற்றூர்களில் வழக்குகள் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்று விவரித்திருக்கிறார். எழுதிவைத்த சட்டநூல் இன்றியே, வழிவழி வந்த வழக்கத்தையும் மக்கள் நாவில் வாழும் முதுமொழிகளையும் கொண்டு ஊர்த் தலைவரும் பெரியவர்களும் தீர்ப்புச் சொல்லும் முறையை அவர் உன்னிப்பாகக் கண்டு எழுதினார். அவர் கொண்டுவந்த சமயம் வேறு, நாடு வேறு. எனினும் ஊரின் வழக்கத்தை முதலில் அறிய வேண்டும் என்ற பொறுமை அவரிடம் இருந்தது. ஒரே மொழி பேசும் நாம் அந்தப் பொறுமையை இழக்கலாமா?

புதியவர் கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றின் சாரமாக, விழாக்காலத்தில் ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்லும் ஊழியர்களுக்குச் சில குறிப்புகளைத் தர விரும்புகிறேன்.

1. ஊருக்குச் சென்றவுடன் அவ்வூர் விழாக்களின் நாட்களைக் கேட்டு எழுதிக்கொள்க. காப்புக் கட்டிய நாள் முதல் விழா முடியும் வரை பயிற்சி, ஆய்வு, வசூல் எதனையும் அவ்வூருக்கு வைக்காதிருப்பது நன்று. மே 1-ஆம் நாள் கிராம சபை விழாவோடு நெருங்கி வருமாயின், கூடும் நேரத்தை ஊராரோடு முன்னரே கலந்து முடிவு செய்க.

2. அழைப்பு வந்தால் தவறாது செல்க. மேடையில் இடம் கேட்காதீர். கொடுத்தால் மறுத்து அவமதிக்கவும் வேண்டாம். பேசச் சொன்னால் வாழ்த்தும் நன்றியுமாக இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்க.

3. ஏதேனும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்க. பந்தியில் இலை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் போதும். வேலை செய்யும் கையோடு மக்கள் பேசுவார்கள். கைகட்டி நிற்பவரோடு பேசமாட்டார்கள்.

4. கொடுப்பதைப் பெற்றுக்கொள்க. ஒரு சொம்பு மோரையும் ஒரு முடி மீனையும் கணக்குப் பார்த்து மறுப்பது நேர்மையின் அடையாளமன்று, உறவை மறுப்பதாகும். ஆனால் பணமோ பரிசுப் பொருளோ வந்தால் அக்கணமே திருப்பித் தருக. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஊரார் நன்கு அறிவார்கள்.

5. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்க. யார் வரி கொடுக்கிறார், யாரிடம் வாங்கவில்லை. தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவின் வாயிலோடு திரும்பிவிடுகிறது என்பதைக் குறித்துக்கொள்க. சட்ட மீறலைக் கண்டால், விழாவின் மகிழ்ச்சியைக் காரணம் காட்டி வாய்மூடி இராதீர்.

6. கண்மாய் அழியும் நாளில் உள்ளே இறங்குக. மடை, கலிங்கு, வரத்துவாய்க்கால் மூன்றையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம். அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி எவர் கூடையிலேனும் தென்பட்டால், மீன்வளத் துறையினருக்கு அன்றே தெரிவிக்க.

7. விழா முடிந்து ஒரு வாரம் கழிந்த பின்னரே உம் திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குக. அதற்குள் ஊராரே உம்மைத் தேடி வந்து கேட்பார்கள்.

முடிவுரை

மக்களுக்கு நாம் எதையோ கற்பிக்க வந்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் நம்மில் பலர் கிராமத்துக்குச் செல்கிறோம். கற்பிக்க வேண்டியதும் உண்டு. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் ஊரார் தம் மகிழ்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு தரும் நாளில், அதனை மனமாரப் பெற்றுக்கொள்வதே முதற்பாடம். அதனைப் பெற்றவரிடமே அவர்கள் தம் துன்பத்தின் பங்கையும் எடுத்து வைக்கிறார்கள். மடைக்கல் பெயர்ந்த செய்தியும் வரி மறுக்கப்பட்ட செய்தியும் எனக்குக் கிடைத்தது அவ்வாறுதான்.

இந்தக் கோடையிலும் நம் மாவட்டத்துக் கரைகளில் வெள்ளைத் துண்டு வீசப்படும். புதிதாக மாறுதல் பெற்று வந்திருக்கும் நண்பர்களே, கரையில் நின்றுவிடாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். விழுந்தால் தூக்கிவிடக் கைகள் உண்டு. தூக்கிவிட்ட அந்தக் கைகள் கரையேறிய பின்னும் ஒன்றாக இருக்க வழி செய்வதே நம் வேலை.